இணையச் சதுரங்கத்தில் எதிராளியின் அவமரியாதை: ஒரு சாஸ்திரீய விசாரணை

மனிதன் மனிதனுக்கு இழைக்கும் அவமரியாதைகளை வகைப்படுத்த முயன்ற நம் முன்னோர், சபையில் செய்வது, சம்பந்தியிடம் செய்வது, கடன் கொடுத்தவனைக் கண்டும் காணாதது போல நடப்பது எனப் பலவற்றையும் சலியாது ஆராய்ந்திருப்பினும், நள்ளிரவில் போர்வைக்குள் கைப்பேசியை வைத்துக்கொண்டு விரல் நுனியால் காய் நகர்த்திக் கொண்டிருக்கும் ஒருவனை, முகமும் ஊரும் தெரியாத மற்றொருவன், மூன்று நிமிஷ ஆட்டத்தின் நடுவே, 'உனக்கெல்லாம் எதற்கு இந்த விளையாட்டு?' என்று கேட்கும் அந்தத் தனிவகை அவமரியாதையைப் பற்றி ஒரு சூத்திரமேனும் இயற்றாமல் போனது நமது துரதிர்ஷ்டமே ஆகும். அக்குறையை ஒருவாறு நீக்குவதே இவ்விசாரணையின் நோக்கம்.

களம் இணையத்தில் ஆடப்படும் சதுரங்கம் ஒன்றே. கேரமும் லூடோவும் ஏன் விலக்கப்பட்டன எனின், அவற்றிலும் வசைக்குப் பஞ்சமில்லையாயினும், லூடோவில் தோற்றவன் பகடையைப் பழிக்கலாம். கேரமில் தோற்றவன் விரல் வழுக்கியதென்று சொல்லிக்கொள்ளலாம். சதுரங்கத்திலோ கட்டங்கள் 64, ஆளுக்குக் காய்கள் 16, மறைத்து வைத்தது ஒன்றுமில்லை, அதிர்ஷ்டத்துக்கு உள்ளே நுழைய வாசலுமில்லை. ஆகவே தோல்விக்குப் பொறுப்பாளி தோற்றவன் ஒருவனே என்னும் முடிவு தவிர்க்கவொண்ணாதது. அம்முடிவை மனித சுபாவம் ஒருகாலும் ஏற்றதில்லை. ஏற்க மறுத்த மனம் பழியை இறக்கிவைக்க இடம் தேடுங்கால் எதிரே அகப்படுபவன் எதிராளி மட்டுமே என்பதால், அதிர்ஷ்டம் குறையக் குறைய வசை பெருகும் என்பதை இவ்வாராய்ச்சியின் முதல் சித்தாந்தமாகக் கொள்ளலாம். இயந்திரத்தின் மூளையை ரகசியமாக இரவல் வாங்கி ஆடுகிறவர்களும் நமது எல்லைக்கு அப்பாற்பட்டவர்களே. அது அவமரியாதை அன்று, களவு. களவுக்கு வேறு சாஸ்திரம் உண்டு. தவிரவும், களவாடுகிறவர்கள் பெரும்பாலும் மிகுந்த மரியாதையோடுதான் பேசுகிறார்கள்.

இங்கே ஓர் ஆக்ஷேபம் எழும். 'அந்தக் காலத்துப் பெரியவர்கள் திண்ணையில் உட்கார்ந்து தாயம் ஆடினாலும் பல்லாங்குழி ஆடினாலும் பண்பு குன்றாமல் ஆடினார்கள். இணையம் வந்த பிறகுதான் எல்லாம் கெட்டது' என்று கூறும் ஒரு சாரார் ஒவ்வொரு தெருவிலும் உளர். இக்கூற்றுக்குப் பிரமாணம் இல்லை. எதிர்ப்பிரமாணமோ வேண்டிய மட்டும் உண்டு. மகாபாரதத்து விராட பர்வத்தில், மாறுவேடத்தில் கங்கன் என்ற பெயரோடு இருந்த தருமனுடன் விராட மன்னன் பகடை ஆடிக்கொண்டிருக்கையில், தன் மகன் கௌரவர் சேனையை வென்றான் என்று அவன் பூரிக்க, தேரோட்டச் சென்ற பிருகன்னளை உடனிருக்கும்போது வெற்றி வராமல் எங்கே போகும் என்று கங்கன் அமைதியாகச் சொல்ல, அரசன் கையிலிருந்த பகடையைக் கங்கனின் முகத்தில் வீசியடித்தான். மூக்கிலிருந்து ஒழுகிய ரத்தம் தரையில் விழாதபடி பணிப்பெண் சைரந்திரி பாத்திரத்தில் ஏந்தினாள். இதில் நாம் கவனிக்கத் தக்கது, அந்தக் கோபத்துக்கும் ஆட்டத்துக்கும் எவ்விதச் சம்பந்தமும் இல்லை என்பதே. அரசன் அடித்தது மகனைப் பற்றிய பேச்சுக்காக. பகடை கைக்கு எட்டிய பொருள், அவ்வளவுதான். இக்காலத்து வசையிலும் பெரும்பகுதி வேறெங்கோ புறப்பட்டு, போகிற வழியில் சதுரங்கப் பலகைமேல் தங்கிச் செல்வதே என்பது என் அபிப்பிராயம்.

இதனினும் பொருத்தமான உதாரணம் பலராமனுடையது. அநிருத்தனின் கலியாணத்துக்குப் போஜகடத்தில் கூடியிருந்த அரசர்கள், பலராமனுக்குச் சூதில் ஆசை அதிகம், தேர்ச்சி குறைவு என்பதை அறிந்து ருக்மியை அவனோடு ஆடத் தூண்டினார்கள். முதற் பந்தயங்களில் பலராமன் தோற்றபோது, ஆட்டத்தில் கலந்துகொள்ளாமல் வேடிக்கை மாத்திரம் பார்த்துக்கொண்டிருந்த கலிங்க மன்னன் பல்லெல்லாம் தெரியச் சிரித்தான். பின்னர்ப் பலராமன் வென்றான். வென்றது தானே என்று ருக்மி சாதித்தான். வானிலிருந்து அசரீரி எழுந்து, வென்றவன் பலராமனே என்று தீர்ப்பு உரைத்தது. ருக்மி அதையும் பொருட்படுத்தாமல், மாடு மேய்க்கிறவர்களுக்குச் சூதாட்டம் என்ன தெரியும், அது அரசர்களுக்கு உரியது என்று ஏளனம் செய்தான். விளைவை நாம் அறிவோம். விஷ்ணு புராணம் ஆட்டப் பலகையைக் கொண்டே பலராமன் ருக்மியைக் கொன்றான் என்கிறது. பாகவதம் இரும்புத் தடியைக் குறிப்பிடுகிறது. கலிங்கனுடைய பற்கள் உதிர்ந்தன என்பதில் இரண்டுக்கும் கருத்து வேற்றுமை இல்லை. எதிராளியின் பிறப்பையும் தொழிலையும் இழுத்துப் பேசுதல், தோற்றும் வென்றதாகச் சாதித்தல், ஆடாதவன் பக்கத்தில் நின்று சிரித்தல் ஆகிய மூன்றும் இணையம் கண்டுபிடித்தவை அல்ல என்பது இதனால் நிறுவப்பட்டது. இணையம் புதிதாகத் தந்தது அந்த அசரீரியைத்தான். இன்று எந்தத் தளத்திலும் ஆட்டம் முடிந்த கணத்தில் முடிவு திரையில் தானே தோன்றிவிடுகிறது, சாதிக்க இடமில்லை.

பிற தேசங்களின் நிலை இதைவிட மேம்பட்டதன்று. டென்மார்க்கை ஆண்ட கனூட் மன்னன், ரோஸ்கில்டே நகரில் உல்ஃப் என்னும் பிரபுவோடு பலகையாட்டம் ஆடுகையில் தவறாக ஒரு காயை நகர்த்தி, உல்ஃப் தன் குதிரையை வெட்டியதும், அதைத் திரும்ப வைத்துவிட்டு வேறு நகர்த்தல் செய்யும்படி சொன்னான் என்றும், உல்ஃப் பலகையைக் கவிழ்த்துவிட்டு எழுந்து போனான் என்றும், மறுநாள் உல்ஃப் தேவாலயத்துக்குள்ளேயே கொல்லப்பட்டான் என்றும் ஐஸ்லாந்துக்காரரான ஸ்னோரி எழுதிய அரசர் வரலாறு கூறுகிறது. 'நகர்த்தலைத் திரும்பப் பெற அனுமதிப்பீர்களா?' என்று இன்று திரையில் எழும் பணிவான சிறு கட்டத்தை மறுத்து ஒதுக்கும் நாம், உல்ஃபின் கதியை எண்ணி ஒருகணம் நிம்மதி கொள்ளலாம்.

நிற்க. தமிழர்க்கே உரிய பிரமாணம் ஒன்று புறநானூற்றில் இருக்கிறது. வட்டாடும் இருவருக்கிடையே மூண்ட சச்சரவைப் பற்றி இதனினும் நுட்பமான ஆவணம் எம்மொழியிலும் இருப்பதாக நான் நினைக்கவில்லை. சோழன் நலங்கிள்ளியின் தம்பி மாவளத்தானும் தாமப்பல் கண்ணனார் என்னும் புலவரும் வட்டாடினார்கள். ஆட்டத்தின் நடுவே புலவர் ஒரு வட்டைக் கைக்குள் மறைத்துக்கொண்டார். கண்டுபிடித்த இளவரசன் வெகுண்டு, கையிலிருந்த வட்டைப் புலவர்மேல் எறிந்தான். அடிபட்ட புலவர், நீ சோழன் மகனே அல்லை என்று சொல்லிவிட்டார். இளவரசன் வாளை உருவவில்லை, காவலரைக் கூப்பிடவில்லை, நாணித் தலைகுனிந்து இருந்தான். அந்த நாணத்தைக் கண்ட பிறகே புலவர் பாடினார். நாற்பத்துமூன்றாம் பாட்டாக நிற்கும் அதில், புறாவுக்காகத் துலாத்தில் ஏறியவன் மரபில் வந்தவன் அவன் என்பதை நினைவூட்டி, பிழை செய்தவன் தானாக இருக்க அவன் தானே பிழைத்தவனைப் போல நாணினான் என்று வியந்து, காவிரி கொழிக்கும் மணலினும் அதிகமான நாட்கள் வாழ்வாயாக என்று வாழ்த்தி முடிக்கிறார்.

இந்நிகழ்ச்சியை ஆராய்ச்சிக் கண்ணோடு நோக்குவோம். முதற் குற்றவாளி புலவர். அவர் செய்தது கள்ள ஆட்டம். இரண்டாம் குற்றவாளி இளவரசன். அவன் செய்தது கைகலப்பு. மூன்றாவது குற்றமும் புலவருடையதே. பெற்றோரை இழுத்துப் பேசும் அவ்வசை வகை இன்றைய இணையத்தில் மிகுந்த செல்வாக்கோடு வழங்கி வருவது யாவரும் அறிந்ததே. இவ்வளவும் நடந்து முடிந்தபின், இரு தரப்பும் தத்தம் பிழையை உணர்ந்து ஒருவரையொருவர் மதித்து எழுந்தார்கள் எனின், அதற்குக் காரணம் யாது? இருவரும் ஒரே பாயில் உட்கார்ந்திருந்தார்கள் என்பதே. ஒருவன் முகம் சிவந்ததை மற்றவன் கண்டான். மறுநாளும் அதே அரண்மனையில் சந்திக்க வேண்டும். இவன் இன்னாருடைய தம்பி, அவர் இன்ன ஊர்ப் புலவர் என்பது உலகறிந்தது. வட்டு எறியப்பட்டதற்கும் நாணம் பிறந்ததற்கும் இடையே சில கணங்களே கழிந்திருக்கலாம். அச்சில கணங்களைத்தான் இணையச் சதுரங்கம் நமக்கு இல்லாமற் செய்துவிட்டது.

ஐரோப்பியர் இவ்விஷயத்தில் சாஸ்திரத்தை இரு திசைகளிலும் வளர்த்தார்கள். 1497-இல் ஸ்பெயினில் அச்சான லூசெனாவின் நூல், பகலில் ஆடினால் எதிராளியின் கண்ணில் வெளிச்சம் படும்படி அவனை உட்காரவைக்க வேண்டும் என்று உபதேசிக்கிறது. 1561-இல் நூல் வெளியிட்ட ரூய் லோபஸ், சூரியனைப் பற்றிய இதே யோசனையைத் தாமும் வழிமொழிகிறார். அவர் ஒரு பாதிரியார் என்பது குறிப்பிடத்தக்கது. இதற்கு நேர்மாறாக, 1786-இல் அமெரிக்கரான பெஞ்சமின் பிராங்க்ளின் வெளியிட்ட சதுரங்க ஒழுக்கம் பற்றிய கட்டுரை, எதிராளி யோசிக்கையில் அவசரப்படுத்தலாகாது, பாட்டு முணுமுணுக்கலாகாது, சீட்டியடிக்கலாகாது, கடிகாரத்தை எடுத்துப் பார்க்கலாகாது, புஸ்தகம் எடுத்துப் படிக்கலாகாது, காலால் தரையைத் தட்டலாகாது, விரலால் மேஜைமேல் தாளமிடலாகாது என்று நீண்டதொரு விலக்குப் பட்டியலைத் தருகிறது. இத்தனை விலக்குகள் ஒருவருக்குத் தோன்ற வேண்டுமாயின் அவர் எத்தகைய எதிராளிகளோடு ஆடியிருக்க வேண்டும் என்று எண்ணுகையில் மனம் இளகுகிறது. இணையத்தில் ஆடுகிறவன் சீட்டியடித்தாலும் நமக்குக் கேளாது, தாளமிட்டாலும் தெரியாது, புஸ்தகம் மட்டுமன்றிக் குழம்புச் சட்டியையே கிளறிக்கொண்டிருந்தாலும் ஆட்சேபிக்க வழியில்லை. பிராங்க்ளின் கண்ட குற்றங்களில் பெரும்பாலானவற்றை விஞ்ஞானம் ஒரே வீச்சில் ஒழித்துவிட்டது என்பதை நன்றியோடு ஒப்புக்கொள்ள வேண்டும்.

உலக சாம்பியன்களும் இதற்கு விலக்கல்லர். 1978-இல் பிலிப்பைன்ஸின் பாகியோ நகரில் கார்ப்போவும் கோர்ச்னாயும் மோதியபோது, ஆட்டத்தின் நடுவே கார்ப்போவுக்கு வந்த ஒரு கிண்ணம் தயிர் ரகசியச் செய்தியாக இருக்கலாம் என்று எதிர்த்தரப்பு எழுத்து மூலம் ஆட்சேபித்தது. பார்வையாளர் வரிசையிலிருந்து ஒரு மனோதத்துவ நிபுணர் கோர்ச்னாயை இமை கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார். கோர்ச்னாயோ எதிரே இருப்பவர் முகமே பிரதிபலிக்கும்படி கண்ணாடிச் சில்லுப் பதித்தாற்போன்ற மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார். முகத்தைக் காட்டாமல் ஆடும் கலைக்கு அதுவே முன்னோடி என்று கருத இடமுண்டு.

இனி வகைகளுக்கு வருவோம். அவமரியாதை யாவற்றுக்கும் வேர் ஓர் எண். ஹங்கேரியில் பிறந்து அமெரிக்காவில் பௌதிகப் பேராசிரியராயிருந்த ஆர்பாட் ஈலோ வகுத்து, 1970-இல் சர்வதேசச் சதுரங்க சம்மேளனம் ஏற்றுக்கொண்ட ரேட்டிங் முறை, வல்லவரைத் தோற்கடித்தால் அதிகமும் எளியவரைத் தோற்கடித்தால் கொஞ்சமுமாக எண்ணைக் கூட்டிக் குறைக்கும் ஏற்பாடு; இன்றைய தளங்களின் கணக்கு அதன் வழித்தோன்றலே. போட்டி அரங்கில் மாதக்கணக்கில் மாறும் அவ்வெண், இணையத்தில் ஒவ்வோர் ஆட்டம் முடிந்தவுடனும், பெயருக்குப் பக்கத்திலேயே, பச்சையிலோ சிவப்பிலோ மாறி நிற்கிறது. தன் மதிப்பு எட்டுப் புள்ளி குறைந்ததை உடனுக்குடன் கண்ணெதிரே காட்டும் ஏற்பாடு வேறெந்தத் துறையிலாவது உண்டா? ஆபீசில் நம் மேலதிகாரி நம்மைப் பற்றி நினைப்பது இவ்வாறு நெற்றியில் எழுதப்பட்டு மாறிக்கொண்டிருக்குமாயின் நாமும் யாரையாவது திட்டத்தான் செய்வோம்.

முதல் வகையினனைக் காலதகனன் என்போம். இவன் வாய் திறவாதவன். ஆகையால் இலக்கணம் கூறுவது கடினம், உதாரணத்தால்தான் விளக்க வேண்டும். பத்து நிமிஷ ஆட்டம். நமது குதிரை ஒரே தாவலில் அவன் ராஜாவுக்குச் செக் வைத்து ராணியையும் தாக்குகிறது. அவன் கடிகாரத்தில் 6:42 இருக்கிறது. ராஜா நகர வேண்டும், பிறகு ராணி போகும், குழந்தைக்கும் தெரியும். அவன் ரிசைன் செய்யவில்லை, நகர்த்தவுமில்லை. 6:30. 6:00. அவன் பெயரருகே பச்சைப் பொட்டு ஒளிர்ந்துகொண்டிருப்பதால் இணைப்பு அறுந்துபோயிற்று என்று கருதவும் வழியில்லை. அவன் அங்கேதான் இருக்கிறான், கையைக் கட்டிக்கொண்டு, நம்மைப் போலவே அந்த எண்கள் தேய்வதைப் பார்த்துக்கொண்டு. 4:15. பல் தேய்த்துவிட்டு வரலாமா என்று நமக்குத் தோன்றுகிறது. அவன் காத்திருப்பது அதற்குத்தான். 0:09 என்னும்போது சட்டென்று ராஜாவை நகர்த்துகிறான். இப்போது ஓடத் தொடங்குவது நம் கடிகாரம். நாம் குளியலறையில் வாய் கொப்பளித்துக்கொண்டிருந்தோமாயின், ராணியை இழந்திருக்க வேண்டியவன் ஆட்டத்தையே வென்றுவிடுவான்.

இவ்வகையினனைத் தளங்கள் அறியாமலில்லை. பிரெஞ்சு நிரலாளர் திபோ துப்ளெஸி 2010-இல் தொடங்கி, விளம்பரமும் கட்டணமும் இன்றி நடந்துவரும் லிச்செஸ் தளத்தில், எதிராளி ஓடிப்போய்விட்டால் சற்று நேரத்தில் வெற்றியைக் கோரிக்கொள்ளும் உரிமை நமக்கு வருகிறது. போகாமல் உட்கார்ந்தே எரிக்கிறவனுக்கு, வழக்கமாகிவிட்டால், சில நிமிஷங்களில் தொடங்கி நீண்டுகொண்டே போகும் ஆட்டத்தடை விழுகிறது. ஆயினும் காலதகனன்மேல் எனக்குக் கோபத்தைவிட இரக்கமே அதிகம். அவன் எரிக்கும் ஆறு நிமிஷம் அவன் ஆயுளிலிருந்தும் கழிகிறதன்றோ? தவிர, தோற்ற நிலையை அவ்வளவு நேரம் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருப்பதற்கு வென்றவனுக்கே பொறுமை இருப்பதில்லை.

இவனோடு குழப்பிக்கொள்ளக் கூடாத இருவர் உண்டு. தோற்றது உறுதியான பின்னும் ரிசைன் செய்யாமல் மளமளவென்று ஆடிக்கொண்டே போகிறவன் ஒருவன். அவன் குற்றமற்றவன், ஏனெனில் செக்மேட் வைக்கத் தெரியுமா என்று கேட்க அவனுக்கு உரிமை உண்டு, நம்மில் பலருக்குத் தெரியாது என்பதும் அவன் அனுபவம். மற்றவன், பலகையில் தோற்று, மூன்று நிமிஷக் கடிகாரத்தில் மின்னல்போல் காய்களை முன்னும் பின்னும் தள்ளி நேரத்தால் வெல்பவன். இவனைத் திட்டாதவர் இல்லை, நான் திட்டமாட்டேன். கடிகாரமும் ஒரு காய்தான். அதைக் காக்கத் தவறியவன் யானையைக் காக்கத் தவறியவனைப் போன்றவனே. வேண்டாதவர்கள், ஒவ்வொரு நகர்த்தலுக்கும் சில விநாடிகள் கூடும் கடிகாரத்தில் ஆடலாம். பாபி ஃபிஷர் அத்தகைய கடிகாரத்துக்கு 1988-இலேயே காப்புரிமை கேட்டு விண்ணப்பித்துவிட்டார்.

இரண்டாம் வகையினன் வாசாலகன். அரட்டைப் பெட்டியில் வசை எழுதுகிறவன் இவன். இவனைப் பற்றி மற்றவர்கள் எழுதியது அதிகம்; நான் சுருக்கமாகவே சொல்வேன், ஏனெனில் இவன் இலக்கியத்தில் கற்பனை வறட்சி மிகுதி. வென்றால் 'ஈஸி', தோற்றால் 'லக்'; அதிர்ஷ்டமே இல்லாத விளையாட்டில் அதிர்ஷ்டத்தைப் பழிக்கும் அந்தத் தத்துவ விபரீதம் ஒன்றே சற்றுச் சுவையுடையது. நாம் யோசிக்கையில் ஒற்றைக் கேள்விக்குறி மட்டும் அனுப்புகிறவன் இவ்வகையில் சிறந்த கலைஞன். அவன் எதையும் சொல்லவில்லை. புகார் செய்தாலும் எடுபடாது. ஆனாலும் நம் யோசனை அந்தக் கொக்கியில் மாட்டிக்கொண்டுவிடுகிறது. நான்கு நகர்த்தலுக்கு ஒருமுறை 'டிரா?' என்று கேட்டு நச்சரிப்பவன் இவனுடைய தாயாதி. முகத்தோடு ஆடும் அரங்கில் இது சட்டப்படியே குற்றம். எதிராளியின் கவனத்தைக் கலைத்தலையும், நியாயமின்றி மீண்டும் மீண்டும் டிரா கேட்டலையும் சம்மேளனத்தின் விதிகள் ஒரே மூச்சில் தடுக்கின்றன.

மூன்றாம் வகையே எனது நோக்கில் மிகக் கொடியது, அவன் வெற்றிமதன். முந்தைய இருவரும் தோல்வியாலோ தோல்வி பயத்தாலோ கெட்டவர்கள். இவன் வெற்றியால் கெட்டவன். எதிராளியிடம் ராஜா ஒன்றே மிஞ்சியிருக்க, இரண்டே நகர்த்தலில் செக்மேட் வைத்து அனுப்பிவிடக் கூடிய நிலையில், அவ்வாறு செய்யாமல் தன் சிப்பாய்களை ஒவ்வொன்றாகக் கடைசி வரிசைக்கு ஓட்டி, ஒன்றை ராணியாக்கி, மற்றொன்றையும் ராணியாக்கி, அதுவும் அலுத்து, மூன்றாவதைக் குதிரையாக்கி, அக்குதிரைகளை அணிவகுத்து நிறுத்தி வேடிக்கை காட்டுவான். சதுரங்கத்தைப் படைத்தவன் எவனாயினும் அவன் நியாயவாதி என்பதற்கு அத்தாட்சி இவ்விடத்தில்தான் கிடைக்கிறது. மூலைக் கட்டத்தில் நிற்கும் தனி ராஜாவுக்குக் குதிரைத் தாவல் தூரத்தில் ஒரு ராணி வந்து நின்றால், ராஜா தாக்கப்படவுமில்லை, நகர இடமுமில்லை. நகர்த்த வேறு காயும் இல்லாதபோது அது ஸ்டேல்மேட், ஆட்டம் டிரா. பலகையில் ராணிகள் கூடக் கூட இவ்விபத்துக்கு வாய்ப்பும் கூடுகிறது. நான்கு ராணியும் இரண்டு குதிரையும் சூழ நின்ற ஒருவன் அரைப் புள்ளியோடு வீடு திரும்புகையில், அரட்டைப் பெட்டியில் அதுவரை மௌனமாயிருந்த எதிராளி, 'நன்றாக ஆடினீர்கள்' என்ற பொத்தானை அழுத்துவதை நான் கண்டிருக்கிறேன். அதைவிடக் கூர்மையான வசையை நான் அறியேன்.

அப்பொத்தானைப் பற்றியும் சொல்ல வேண்டும். லிச்செஸில் ஆட்டம் தொடங்கும்போது வணக்கம், நல்வாழ்த்து போன்றவையும், முடிந்தபின் நல்ல ஆட்டம், நன்றாக ஆடினீர்கள், நன்றி, போய் வருகிறேன் போன்றவையும் ஆங்கிலத்தில் தயாராக எழுதி வைக்கப்பட்ட பொத்தான்களாகக் கிடைக்கின்றன, அழுத்தினால் சென்றுவிடும். மரியாதை இவ்வாறு ஆயத்த ஆடையாகக் கிடைக்க, வசையை மட்டும் ஒவ்வோர் எழுத்தாகத் தட்டச்சு செய்ய வேண்டியிருக்கிறது. அப்படியிருந்தும் மக்கள் சிரமம் பாராமல் தட்டச்சு செய்கிறார்கள் என்பது மனித உழைப்பின்மேல் நமக்குள்ள நம்பிக்கையைப் பெருக்குகிறது. பொத்தான் மரியாதை போலி மரியாதை என்பாரும் உளர். கைகுலுக்கல் மட்டும் உண்மையாக இருந்ததா? ஆட்டத்துக்கு முன் கைகொடுக்க மறுத்தால் தோல்வி என்ற விதியின்கீழ், 2008-இல் நெதர்லாந்தின் வைக் ஆன் ஸீயில், நைஜல் ஷார்ட் நீட்டிய கையை மறுத்த பல்கேரிய ஆட்டக்காரர் செபாரினோவுக்குப் பலகையில் தோற்காமலே தோல்வி எழுதப்பட்டது; மேல்முறையீட்டில் ஆட்டம் மறுபடி நடத்தப்பட, ஷார்ட் பலகையிலேயே வென்றார். சட்டத்துக்கு அஞ்சி நீட்டிய கை, விரலால் அழுத்திய பொத்தானைவிட எவ்வளவு உயர்ந்தது என்பதைப் படிப்போர் தீர்மானிக்கட்டும்.

இப்போது காரணத்துக்குத் திரும்புவோம். முகமின்மையே மூலகாரணம் என்பது பலர் கருத்து. அது முழுவதும் சரியன்று. 1824 முதல் 1828 வரை லண்டன், எடின்பரோ நகரங்களின் கழகங்கள் தபால் மூலம் சதுரங்கம் ஆடி, எடின்பரோ வென்றது. அதன்பின் தலைமுறை தலைமுறையாகத் தபாலட்டையில் ஒரு நகர்த்தல் எழுதி அனுப்பி, பதிலுக்கு வாரக்கணக்கில் காத்திருந்தவர்கள் உலகெங்கும் இருந்தார்கள். அவர்களும் முகம் காணாதவர்களே. ஆயினும் அட்டையில் பெயர் இருந்தது, கையெழுத்து இருந்தது, கதவிலக்கத்தோடு விலாசம் இருந்தது. வசை எழுதினால் அதைத் தபால்காரரும் படிப்பார். ஆகவே இல்லாமற்போனது முகம் மட்டுமன்று, பெயரும்தான். ஒரு மிருகத்தின் பெயரும் நான்கு இலக்கமும் சேர்ந்த புனைபெயருக்கு நாணம் வருவதெப்படி? நாளை அதைக் கழற்றிப் போட்டுவிட்டு வேறொரு மிருகமும் வேறு நான்கு இலக்கமும் மாட்டிக்கொள்ளலாம். மாவளத்தானால் அப்படிக் கழற்ற முடியவில்லை.

மாறாக, பெயரும் முகமும் ஒருங்கே உள்ள இடத்தில் என்ன நிகழ்கிறது என்பதற்கு அண்மைக்கால சாட்சி ஒன்று உண்டு. 2025 ஜூன் 1 அன்று நார்வேயின் ஸ்டாவாங்கரில், தன் சொந்த நாட்டிலே, வெல்ல வேண்டிய ஆட்டத்தைச் சென்னையின் குகேஷிடம் தோற்ற மாக்னஸ் கார்ல்சன், காய்கள் துள்ளி விழும்படி மேஜையை முஷ்டியால் குத்தினார். எதிரே இருந்த உலக சாம்பியனின் வயது 19. குகேஷ் திடுக்கிட்டு எழுந்து சற்று அப்பால் போய் நின்றார். கார்ல்சன் கைகொடுத்தார், மன்னிப்புக் கேட்டார், வெளியேறும்போது அந்த இளைஞரின் முதுகைத் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனார். வட்டு எறிதலும் நாணியிருத்தலும் அத்தனை காமிராக்களுக்கு முன்னால் ஒரு நிமிஷத்துக்குள் நடந்து முடிந்தன. இதே கார்ல்சன் இணையத்தில் தோற்று மேஜையைக் குத்தியிருந்தால், குத்து நமக்குக் கேட்டிராது, மன்னிப்பும் வந்திராது. நட்டம் எதில் அதிகம் என்று கணக்கிட்டால், குத்து கேளாமற்போவதைவிட மன்னிப்பு வராமற்போவதே பெரிது என்பது என் துணிபு.

பரிகாரங்கள் சொற்பமே. பதிலுக்கு வைதல் பரிகாரமன்று என்பது நீதியால் அன்றி, கடிகாரத்தால் நிறுவப்படுகிறது; மூன்று நிமிஷ ஆட்டத்தில் ஒரு நல்ல வசையை எழுதி முடிக்க இருபது விநாடியாவது பிடிக்கும், அவ்விருபது விநாடியில் ஒரு யானை போய்விடும். அரட்டையை அடைத்துவிடும் பொத்தான் ஆட்டம் தொடங்கும் முன் அழுத்தினால் மருந்து. வசையைப் படித்தபின் அழுத்தினால், வெறும் சமாதானம். லிச்செஸில் அரட்டையையும் ரேட்டிங்கையும் ஒருசேர மறைத்து, பலகையை மட்டும் காட்டும் ஒரு மௌன ஏற்பாடும் உண்டு; அதில் ஆடுகிறவர்கள் ஞானிகளாகிவிடுகிறார்களா என்று விசாரித்தேன், ஆட்டம் முடிந்ததும் முதல் வேலையாக ரேட்டிங்கைத்தான் திறந்து பார்க்கிறார்களாம். காலதகனனுக்கு மாற்று, பக்கத்தில் ஒரு தம்ளர் காபியும் கண்ணைத் திரையிலிருந்து எடுக்காத வைராக்கியமுமே. வெற்றிமதனுக்கு மாற்று, ராஜாவை எப்பாடு பட்டேனும் மூலைக்குக் கொண்டுசேர்ப்பது.

கடைசியாக ஒரு பிரச்சினை மிஞ்சுகிறது. இதில் பண்டிதர்களிடையே ஒருமைப்பாடு இல்லை. நம்மை ஆட்டம் முழுவதும் வாயாரத் திட்டியவன், ஆட்டம் முடிந்தவுடன், கூச்சம் சிறிதுமின்றி, மறு ஆட்டத்துக்கு அழைக்கிறான். ஏற்பது தகுமா? மானத்தை முன்னிறுத்துவோர் கூடாது என்பர். பொறுமையை முன்னிறுத்துவோர், அவன் வேறு விதமாக மன்னிப்புக் கேட்க அறியாமல் இவ்வாறு கேட்கிறான் போலும், ஏற்கலாம் என்பர். இரண்டும் அதீதமே. மறு ஆட்டத்தில் நிறங்கள் மாறும் என்பது விதியாகலின், முந்தின ஆட்டத்தில் நமக்குக் கறுப்பு வந்திருந்தால் தாராளமாக ஏற்கலாம். வெள்ளை வந்திருந்தால், நேரமாகிவிட்டது, காலையில் ஆபீஸ் இருக்கிறது.